பழைய கிரேக்க வெள்ளிக் காசு லட்சக்கணக்கில் போகுமா? ஒரு பிஸ்கட் டப்பா சொன்ன கணக்கு



போன மாசம் திண்டிவனத்துல இருந்து ஒரு அண்ணன் நம்ம விழுப்புரம் ஆபீஸுக்கு வந்தார். சின்னதா அரிசி மண்டி வச்சிருக்கார். மூணு வருஷமா அவருக்கு ரிட்டர்ன் தாக்கல் பண்றது நான்தான். வழக்கமா பில் கட்டோட வருவார். அன்னிக்கு கையில ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மேசை மேல வச்சுத் திறந்தார். உள்ளே வேட்டித் துணியில சுத்தின 43 காசுகள்.

"அப்பா சேர்த்தது சார். வாத்தியார் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கினது. இதுல ஆறு கிரேக்க நாட்டு வெள்ளிக் காசு. போட்டோ அனுப்பினேன். ஒண்ணு மூணு லட்சத்துக்கு எடுத்துக்கறேன்னு ஒருத்தர் போன்ல சொல்றார். முதல்ல 18,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டணுமாம். கட்டிடவா? பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும் சார்..."

"கட்டாதீங்க அண்ணே. மொதல்ல டீ சாப்பிடுங்க"னு சொன்னேன்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் இந்தக் கட்டுரையில எழுதறேன். வீடியோவில பத்து நிமிஷத்துல இதைச் சொல்ல முடியலை. கணக்கும் சட்டமும் நிறைய இருக்கு. பொறுமையா படிங்க.

பதிவுக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்க

பழைய காசு வாங்குறவர் உங்களுக்குப் பணம் தரணும். நீங்க அவருக்குத் தரக் கூடாது. பதிவுக் கட்டணம், வரி, கமிஷன், "ஆர்பிஐ சான்றிதழ்" எந்தப் பேர்ல கேட்டாலும் அது மோசடிதான். 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே பொது அறிவிப்பு கொடுத்தது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்கிற வேலையில நாங்க இல்லை, அதுக்குக் கட்டணமோ கமிஷனோ கேட்கிறதும் இல்லை, எங்க பேர்ல வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லைன்னு தெளிவா சொல்லிடுச்சு.

அண்ணன் அந்த நம்பரை என் முன்னாடியே பிளாக் பண்ணார். 18,500 தப்பிச்சது. ஆனா டப்பா இன்னும் மேசை மேலதான் இருக்கு. அதுல உண்மையிலேயே என்ன இருக்குன்னு பார்க்கணும் இல்லையா?

கிரேக்கக் காசுக்கும் நம்ம பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறைய. நம்ம இலக்கியம் "யவனர்"னு சொல்றது முதல்ல கிரேக்கர்களை. பிறகு மேற்கே இருந்து கடல் வழியா வந்த எல்லாருக்கும் அந்தப் பேர் ஆச்சு. யவனர் கப்பல் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து மிளகு ஏத்திட்டுப் போனதை அகநானூறு 149ஆம் பாட்டு சொல்லுது. விழுப்புரத்துல இருந்து ஒரு மணி நேரத்துல போற புதுச்சேரி அரிக்கமேட்டுல 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ ரோமானிய மண்பாண்டங்கள் கிடைச்சது. கிரேக்க மொழியில எழுதின 'பெரிப்ளஸ்' என்ற கடல் வணிகக் கையேடு சொல்ற 'சோபட்மா' துறைமுகம் நம்ம திண்டிவனத்துக்குக் கிழக்கே இருக்கிற மரக்காணம்தான்னு சில ஆய்வாளர்கள் கருதறாங்க.

தமிழ்நாட்டு மண்ணுல அதிகம் கிடைச்சது ரோமானியக் காசுகள்தான். 1898இல் புதுக்கோட்டையில ஒரே இடத்துல 501 தங்கக் காசு கிடைச்சது. கிரேக்கக் காசுன்னு வந்தா கரூர் அமராவதி ஆத்தைச் சொல்லணும். 'தினமலர்' ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அங்கே கிடைச்ச காசுகளைத் தேடிச் சேர்த்து ஆராய்ச்சி பண்ணார். செலூசிட் அரசர்களோட காசு, ரோட்ஸ், கிரீட் தீவுகளோட காசு எல்லாம் கரூர்ல கிடைச்சதை உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் அவர்தான். முன்னே நம்ம மாவட்டத்துல இருந்த, 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போன திருக்கோவிலூர்ல கிடைச்ச ரோமானியச் செப்புக் காசுகளைப் பத்தியும் எழுதியிருக்கார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவர் சேர்த்த காசுக்கு மதிப்பு வந்தது வெள்ளி, செம்பு எடையால மட்டும் இல்லை. எங்கே கிடைச்சது, எவ்வளவு எடை, என்ன எழுத்து எல்லாத்தையும் படத்தோட பதிவு பண்ணி வச்சார். பழங்காசோட மதிப்புல பாதி அதைப் பத்தின காகிதத்துல இருக்கு. இது வரலாற்றுக்கும் பொருந்தும், நம்ம வருமான வரிக்கும் பொருந்தும். இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க.

டப்பாவில் இருந்த ஆறு காசுகள்

ஆந்தை போட்ட ஏதென்ஸ் காசு இரண்டு. சிங்கத் தோல் போர்த்திய தலை உள்ள அலெக்சாண்டர் காசு இரண்டு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் திமில் காளை உள்ள சின்னச் சதுரக் காசு ஒண்ணு. ராஜா தலை போட்ட சின்ன வட்டக் காசு ஒண்ணு.

கடைசி இரண்டும் இந்தோ-கிரேக்க ராஜாக்கள் பாணி. அலெக்சாண்டருக்குப் பிறகு இந்தியாவோட வடமேற்குப் பகுதியை ஆண்ட கிரேக்கர்கள் இவங்க. யானையும் காளையும் அப்பல்லோடோட்டஸ் அடிச்சது. வட்டக் காசு மெனாண்டர் அடிச்சது. பௌத்தத்துல 'மிலிந்த பன்ஹா'ன்னு ஒரு நூல் இருக்கே, அதுல நாகசேனர் கிட்ட கேள்வி மேல கேள்வி கேட்கிற மிலிந்தன் இந்த மெனாண்டர்தான். காசோட ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் கரோஷ்டி எழுத்து. இந்த இரண்டு ராஜாக்களோட பழைய வெள்ளிக் காசு தங்கள் காலத்துலயும் குஜராத்தோட பருகச்சத்துல புழங்குதுன்னு பெரிப்ளஸே எழுதியிருக்கு.

அசலா போலியான்னு எப்படிப் பார்க்கறது? வேதிப் பொருள் எதுவும் ஊத்தாதீங்க, தேய்க்காதீங்க. தேய்ச்சுப் பளபளப்பாக்கினா அசல் காசோட விலையே இறங்கிடும். திண்டிவனத்துல தெரிஞ்ச நகைக்கடைக்குப் போய் மில்லி கணக்கு காட்டுற தராசுல வச்சோம். செஞ்ச சோதனை இதுதான்:

1. காசோட எடையைக் குறிங்க.
2. ஒரு சின்ன டம்ளர் தண்ணியைத் தராசுல வச்சு, எடையைப் பூஜ்யமாக்குங்க.
3. காசை மெல்லிய நூல்ல கட்டி, தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க. அடியிலும் பக்கத்திலும் தொடக் கூடாது.
4. இப்போ தராசு காட்டுற எண்ணால காசோட எடையை வகுங்க.

சுத்த வெள்ளிக்கு விடை 10.49 வரும். கிரேக்க வெள்ளிக் காசு பெரும்பாலும் நல்ல தரமான வெள்ளி, அதனால 10.3 பக்கத்துலயாவது வரணும்.

ஏதென்ஸ் ஆந்தைக் காசு சுமார் 17.2 கிராம் இருக்கணும். டப்பாவில இருந்த ஒண்ணு 14.8 கிராம். தண்ணியில 1.76 காட்டுச்சு. வகுத்தா 8.4. வெள்ளியே இல்லை, ஜெர்மன் சில்வர் மாதிரி கலவை. இன்னொரு ஆந்தையும் அலெக்சாண்டர் இரண்டும் அதே கதைதான். சதுரக் காசு 10 தாண்டிச்சு, அண்ணன் முகத்துல வெளிச்சம். ஆனா லென்ஸ்ல பார்த்தா விளிம்பைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு. அச்சுல வார்த்த காசுக்குத்தான் அந்தக் கோடு வரும். அந்தக் காலக் காசு முத்திரையை வச்சு அடிச்சது. அதனால இது வெள்ளியில செஞ்ச நகல். எடைச் சோதனை போலியைக் கழிக்கத்தான் உதவும், அசல்னு உறுதி சொல்லாது.

மிச்சம் மெனாண்டர். 2.42 கிராம், தண்ணியில 0.234, வகுத்தா 10.34. விளிம்புல கோடு இல்லை. சென்னையில பல வருஷமா காசு சேர்க்கிற ஒருத்தர்கிட்ட காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னார்: "அசல்தான். ஆனா இது அபூர்வம் இல்லை, நிறைய கிடைக்கிற வகை. ஐயாயிரம், ஆறாயிரம் போகும்."

ஆறு காசு, பதினெட்டு லட்சம்னு நினைச்சு வந்தவருக்கு ஒரு காசு, ஆறாயிரம். திரும்பி வர்ற வழியில அண்ணன் ஒரு வார்த்தை பேசலை. செங்கல்பட்டு தாண்டினப்புறம்தான், "அப்பா ஏமாந்துட்டாரா சார்?"னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை.

போலி செய்றது புதுத் தொழில் இல்லை, நண்பர்களே. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில பெக்கர்னு ஒருத்தர் கிரேக்கக் காசுகளை அவ்வளவு அழகா போலி பண்ணார். புதுசா தெரியக் கூடாதுன்னு இரும்புத் தூளோட ஒரு பெட்டியில போட்டு, குதிரை வண்டியில கட்டி ஊர் சுத்துவாராம். வாத்தியார் எம்மாத்திரம்?

முதலீடா பார்த்தா கணக்கு எப்படி வருது?

"சரி, நல்ல காசா வாங்கினா லாபம்தானே?"ன்னு கேட்பீங்க. ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஒவ்வொரு ஏல நிறுவனத்துக்கும் விகிதம் மாறும்.

ஏலத்துல ஒரு காசு 20,000 ரூபாய்க்கு முடியுது. வாங்குறவர் கட்ட வேண்டிய ஏலக் கட்டணம் 15%, அதாவது 3,000. வரி, கூரியர் எல்லாம் சேர்த்து 1,500. உங்க கையை விட்டுப் போனது 24,500.

மறுநாளே அதே காசை அதே 20,000க்கு வித்தா? விற்கிறவர் கமிஷன் 10% போக 18,000 கிடைக்கும். ஒரே நாள்ல 6,500 நஷ்டம், சுமார் 26.5%.

போட்ட பணம் திரும்பி வரவே ஏல விலை 27,222 ஆகணும். அதாவது 36% ஏறணும். ஐந்து வருஷம் 7% எஃப்டியில போட்டா வர்ற 34,362 ரூபாய் கையில கிடைக்கணும்னா ஏல விலை 38,180 தொடணும். சுமார் 91% ஏற்றம்! மியூச்சுவல் ஃபண்டுல 1% செலவு விகிதத்துக்கே சண்டை போடுற நாம இதை யோசிக்கணும்.

இன்னொரு ஆபத்து, புதையல். தங்கம் புதுசா கிடைச்சா சுரங்கத்துல இருந்து மெதுவா வரும். பழங்காசு ஒரே பானையில ஆயிரக்கணக்கில் வரும். ஏதென்ஸ் ஆந்தைக் காசுகள் சமீப வருஷங்கள்ல பெருமளவு உலகச் சந்தைக்கு வந்து விலை இறங்கினதை சேகரிப்பவர்கள் பார்த்திருக்காங்க. "ரொம்ப அபூர்வம் சார்"னு சொல்லி வித்தது அடுத்த வருஷம் சாதாரணம் ஆகலாம்.

சட்டம்: உள்ளே வரலாம், வெளியே போக முடியாது

இதைத்தான் நிறைய பேர் தவற விடறாங்க. 1972ஆம் ஆண்டு தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத காசு எதுவா இருந்தாலும் அது தொல்பொருள். தனி நபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினா குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, கூடவே அபராதம். இந்தியக் காசுக்கு மட்டும்தான்னு சட்டத்துல பிரிச்சுச் சொல்லலை. அதனால லண்டன்ல ஏலம் எடுத்து இங்கே கொண்டுவந்த கிரேக்கக் காசை, நல்ல விலை கிடைக்குதேன்னு மறுபடி லண்டனுக்கு அனுப்ப முடியாது. உலக விலையில வாங்கி, உள்ளூர்ச் சந்தையில மட்டும் விற்கணும்.

உங்க சொந்தச் சேகரிப்பை விற்கிறது வேற. வாங்கி விற்கிறதையே தொழிலா பண்ணினா அதே சட்டப்படி உரிமம் வேணும். இன்ஸ்டாவுல வாரா வாரம் பழங்காசு போட்டு விற்கிற தம்பிகள் கவனிக்கவும்.

"ஆத்துல கிடைச்சா?" தென்பெண்ணைக் கரையில இருக்கிறவங்க கேட்கிற கேள்வி இது. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு. மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்து கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். உரிமையாளர் இல்லாத புதையல்னு முடிவானா, நில உரிமையாளரோட தனியா ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல கண்டெடுத்தவருக்கு நாலுல மூணு பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கணும்னு நினைச்சா உலோக மதிப்பும் அதுக்கு மேல ஐந்தில் ஒரு பங்கும் தரணும். கணக்குக்கு வெள்ளி கிராம் 200 ரூபாய்னு வச்சா, 17 கிராம் காசுக்கு 3,400 + 680 = 4,080. குறைச்சல்தான், ஒத்துக்கறேன். ஆனா மறைச்சா பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் வரலாம்.

வருமான வரி

வீட்டு சாமான் வித்தா மூலதன ஆதாய வரி இல்லை. ஆனா நகை, ஓவியம், சிற்பம் மாதிரியே தொல்பொருள் சேகரிப்புக்கும் அந்தச் சலுகை கிடையாது. அதனால:

- 24 மாதத்துக்கு மேல வச்சிருந்து வித்தா நீண்டகால ஆதாயம், 2024 ஜூலை 23க்குப் பிறகு 12.5%, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாம. அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் விகிதம்.
- அப்பா, அம்மா வழியா வந்தா, வாங்கும்போது வரி இல்லை. விற்கும்போது அவங்க வாங்கின விலைதான் உங்க விலை. அவங்க வச்சிருந்த காலமும் சேரும்.
- 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்கினதுன்னா, அந்தத் தேதியின் சந்தை மதிப்பை விலையா எடுத்துக்கலாம்.
- உறவினர் அல்லாதவர் கிட்ட இருந்து பரிசா வந்து, அப்படி வந்த பொருள்களோட மொத்த மதிப்பு ஒரு வருஷத்துல 50,000 தாண்டினா உங்க வருமானத்துல சேரும்.

பில் இல்லைன்னா? வாங்கின விலையை நிரூபிக்க முடியாது. வந்த தொகை மொத்தமும் லாபம்னு அதிகாரி எடுத்தா வாதாட நம்ம கையில ஒண்ணும் இருக்காது. நான் முன்னாடி சொன்ன காகிதம் இதுதான்.

வாங்கணும்னே ஆசைப்பட்டா

ஆசைப்படறதுல தப்பே இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ கையில புழங்கின காசு நம்ம கையில இருக்கிற சுகம் எந்த ஃபண்டும் தராது. ஆனா அதை முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க, பொழுதுபோக்குச் செலவுல எழுதுங்க. அவசர நிதி, இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் முடிஞ்ச பிறகு மிச்சத்துல வாங்குங்க. கடன் வாங்கியோ கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டோ வேண்டாம். முதல்ல சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல காசுப் பிரிவைப் பார்த்து கண்ணைப் பழக்குங்க. அசல்னு எழுத்துல உறுதி தர்ற, பில் போடுற இடத்துல மட்டும் வாங்குங்க. ஒவ்வொரு காசுக்கும் இரண்டு பக்கப் படம், எடை, தேதி, விலை எழுதி வைங்க. அந்த நோட்டு எங்கே இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்காவது சொல்லுங்க.

அப்பாவோட நோட்டு

இந்தக் கடைசி அறிவுரையை அண்ணன்கிட்டயும் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வந்தார். பீரோ அடியில அப்பாவோட பழைய நாற்பது பக்க நோட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. வாத்தியார் கையெழுத்து, முத்து முத்தா இருந்தது.

ஆந்தையும் அலெக்சாண்டரும், நாலும் 1996இல் தலா 60 ரூபாய். பக்கத்துலயே எழுதியிருக்கார்: "மாதிரி. பிள்ளைகளுக்குக் காட்ட." சதுரக் காசு 150 ரூபாய்: "நகல்." மெனாண்டர் 1999, சென்னை கண்காட்சி, 850 ரூபாய். பில் அந்தப் பக்கத்துலயே குத்தியிருந்தது.

அப்பா ஏமாறலை. வகுப்புல காட்டத்தான் நகல் வாங்கியிருக்கார். அசல்னு தெரிஞ்ச ஒண்ணுக்குத்தான் பில் வாங்கி வச்சிருக்கார். அந்த 850 ரூபாயை 8% கூட்டு வட்டியில 26 வருஷம் போட்டிருந்தா சுமார் 6,290 ஆகியிருக்கும். காசோட இன்றைய விலையும் கிட்டத்தட்ட அதேதான். பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை.

காலேஜ் ஃபீஸுக்கு கல்விக் கடன் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். மெனாண்டரை விற்கிறீங்களான்னு கேட்டேன். "வேணாம் சார், பொண்ணு கேட்டிருக்கா"ன்னு சொல்லிட்டு நோட்டை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போனார்.

உங்க வீட்டுப் பீரோவிலயும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். காசைத் தேடுறதுக்கு முன்னாடி நோட்டைத் தேடுங்க. அப்பா இன்னும் பக்கத்துல இருந்தா, இன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கங்க.

அடுத்த கட்டுரையில சந்திப்போம்.